சுவா சூ காங்கில் அப்பாவுக்குக் கல்லறைக் கல்: அளவு, அனுமதி, தமிழ் எழுத்து மூன்றிலும் குழப்பம்

லூர்து மகள்
வணக்கம். அப்பா ஜூலையில் தவறினார். சிங்கப்பூர் சுவா சூ காங் கல்லறையின் கிறிஸ்தவப் பகுதியில் அடக்கம். இப்போதைக்கு மரச்சிலுவையும் பெயர்ப்பலகையும்தான் நிற்கின்றன. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் கல் வைத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா, ஊரில் தாத்தாவுக்குக் கட்டியதுபோல் இடுப்பளவு மேடை, பளிங்குச் சிலுவை, நாலு தூண் வைத்துக் கூரை என்று படமே வரைந்து கொடுத்துவிட்டார். கல் வேலைக்காரர் “அதெல்லாம் ஆபிஸ்ல விடமாட்டாங்க” என்கிறார். எதைத்தான் விடுவார்கள் என்று கேட்டால் விலைப்பட்டியலை நீட்டுகிறார். “அப்படியென்றால் தனியார் கல்லறைத் தோட்டத்தில் இடம் வாங்கி மாற்றிவிடலாம்” என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். முடியுமா?

இன்னொன்று. கல்லில் வெட்டுவதற்கு முன் மாதிரி அனுப்பினார்கள். ‘யோசேப்பு’ என்பதில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. புள்ளி தலைக்கு மேல் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது.

பிடோக் ராஜன்
ஆழ்ந்த அனுதாபம்மா. தனியார் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். சிங்கப்பூரில் இன்று புதிதாக அடக்கம் செய்யத் திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றுதான். பழையவை எல்லாம் மூடியாயிற்று. நம் ஆட்கள் நிறையப் பேரை அடக்கம் செய்த பிடாடரிக் கல்லறையை 1972இல் மூடினார்கள், 2001இலிருந்து 2006 வரை தோண்டியெடுத்தார்கள், இப்போது அங்கே வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள். சில கற்களை மட்டும் நினைவுத் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஜொகூர் பக்கம் தனியார் நினைவுப் பூங்காக்கள் உண்டு. ஆனால் அடக்கம் செய்த உடலை எடுக்க அனுமதி, எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி என்று அலைச்சல். அங்கே போனாலும் தூணும் கூரையும் நம் இஷ்டப்படி வைக்க முடியாது. தனியார் பூங்கா என்றாலே பெரும்பாலும் கல்லின் உயரம், நிறம், யார் கட்டலாம், பராமரிப்புக் கட்டணம் எல்லாம் இடம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். தனியார் என்றால் விதி குறையும் என்று சித்தப்பா நினைக்கிறார், கூடும் என்பதுதான் நிலைமை.

ஜூரோங் மேரி அக்கா
என் மாமியாருக்கு நாங்கள் கல் வைத்தோம், அதனால் சொல்கிறேன். உங்கள் கல் வேலைக்காரர் சொல்வது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை.

2007இலிருந்து சுவா சூ காங்கில் வரிசையாக கான்கிரீட் பெட்டி இறக்கி அதற்குள்தான் அடக்கம். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மிகக் குறைவு. மேடையைக் கொஞ்சம் அகலமாக்கினால் அடுத்த வீட்டு ஆள் மேல் ஏறிவிடும். கூரை போட்டால் தூண் எங்கே நிற்கும்? அதனால்தான் கல் வைக்கும் முன் கல்லறை அலுவலகத்தில் வரைபடத்தோடு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் கட்டுபவரே விண்ணப்பிப்பார். நீங்களும் ஒருநாள் நேரில் போய், உங்கள் வரிசைக்கு என்ன அளவு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி நகல் கைக்கு வரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள்.

சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: 1998 நவம்பரிலிருந்து இங்கே அடக்கம் 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு எடுத்துவிடுவார்கள். அவ்வளவு பணத்தைக் கல்லில் கொட்டுவதா என்று அவரே யோசிக்கட்டும்.

பளிங்கு வேண்டாம். இந்த மழைக்கு மெருகு போய்விடும், பாசியும் பிடிக்கும். கருப்பு கிரானைட் போதும்.

லூர்து மகள்
15 ஆண்டு என்றதும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் “அந்தக் கல்லை என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஜூரோங் மேரி அக்கா
அறிவிப்பு வந்ததும் உறவினர் பதிய வேண்டும். கிறிஸ்தவர்கள் என்றால் எடுத்ததைத் தகனம் செய்து அஸ்திமாடத்தில் வைக்கலாம். மாடத்துப் பலகைக்கு அவர்கள் வைத்ததுதான் அளவு, இந்தக் கல் அங்கே பொருந்தாது.

தகனம் பாவம் இல்லையா என்று சித்தப்பா கேட்பார் பாருங்கள். 1963லேயே திருச்சபை அனுமதித்துவிட்டது. ஆனால் சாம்பலைத் தூவக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் மறுபடி சொன்னது. ஆகவே 2021இல் சுவா சூ காங்கில் திறந்த சாம்பல் தூவும் தோட்டம் நமக்கு ஆகாது. யாராவது ‘சுலபம்’ என்று அங்கே கைகாட்டினால் தலையாட்டிவிடாதீர்கள்.

பதிவு செய்தவர் யார், எந்தக் கைப்பேசி எண் என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். 15 வருடத்தில் எல்லாருக்கும் எண் மாறிவிடும்.

செங்காங் குமார்
ஆங்கிலத்திலேயே வெட்டச் சொல்லுங்கள், தலைவலி முடிந்தது. பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

லூர்து மகள்
அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், அண்ணே.

எழுத்துருப் பித்தன்
ஆங்கிலம் கீழே சின்னதாக இருக்கட்டும், தமிழ் மேலே. இதைச் சரிசெய்வது சுலபம்.

நீங்கள் அனுப்பியது யூனிகோடு. ‘யோ’ என்பது கணினிக்குள் ய, அதன்பின் ஓகாரக் குறி என்று இருக்கும். திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். கடையில் இருக்கும் பழைய வெட்டு மென்பொருளுக்கு அது தெரியாது, வந்த வரிசையில் கொட்டிவிடும். வாட்ஸ்அப்பில் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் உங்கள் கைப்பேசிக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே எழுத்தாக அனுப்பாதீர்கள், வடிவமாக அனுப்புங்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைத் தடிமனாக வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்தால் எழுத்து கோட்டுருவமாகிவிடும், இனி எந்தக் கணினியும் அதைக் கலைக்க முடியாது. எஸ்விஜியாகவோ பிடிஎஃப்பாகவோ சேமித்து அனுப்புங்கள். கடைக்காரரிடம் இருப்பது இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருள்தான் என்றால், பத்தி அமைப்பை ‘வேர்ல்டு ரெடி’க்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பழைய ஆளாக இருந்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்வார். அதில் கொம்பைத் தனி எழுத்தாக முன்னாலேயே தட்டுவதால் உடையாது, பார்க்கக் கொஞ்சம் பழசாக இருக்கும்.

கல்லில் ஏற்றும் முன் நிஜ அளவில் காகிதத்தில் அச்சடித்து அம்மாவிடம் கொடுங்கள். தமிழ் தெரியாத கடையில் அவரைவிட நல்ல பிழைதிருத்துநர் கிடைக்க மாட்டார்.

லூர்து மகள்
சித்தப்பா இறங்கி வந்துவிட்டார். நிமிர்ந்த கல் ஒன்று, சுற்றிலும் தாழ்வான விளிம்பு, சிலுவை கல்லிலேயே செதுக்கியது. அனுமதிக்குக் கொடுத்தாயிற்று. அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாக அளவைக் காட்டினார், தூண் படத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை. கோட்டுருவக் கோப்பும் சரியாக வந்தது. ஆனால் சின்ன மாதிரிக் கல்லில் மணலைப் பீய்ச்சி அடித்து எழுத்தைச் செதுக்கிப் பார்த்தபோது ‘ப்’ புள்ளி அடைபட்டுத் திட்டாகிவிட்டது. இப்போது யோசேபபு என்று படிக்கிறது.

எழுத்துருப் பித்தன்
நோட்டோவில் புள்ளி சிறிசு, எழுத்தோடு ஒட்டியும் இருக்கும். இங்க்ஸ்கேப்பில் ‘பிரேக் அபார்ட்’ கொடுத்தால் புள்ளி தனியாக வந்துவிடும். அதை மட்டும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, கொஞ்சம் மேலே தள்ளுங்கள். வளையமாக இருந்தால் நடுவை நிரப்பிவிடுங்கள், கல்லில் வளையம் நிற்காது. மறுபடியும் மாதிரிக் கல்லில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், நேரே பெரிய கல்லுக்குப் போக விடாதீர்கள்.