புதுப்பிப்பு: ஆச்சிக்குக் கதிர்வீச்சு, மதுரை டாக்டர் சொன்னது
புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபின் ஆச்சிக்கு வயிற்றுச் சதையெடுத்து அமைத்த மார்பைக் கதிர்வீச்சு கெடுக்காமல் காக்க வழியுண்டா என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேனே, இப்போது மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

முழுக்கத் தடுக்க முடியாதாம். நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு, தழும்புத் திசு கூடி, மார்பு இறுகிச் சிறுக்கலாம்; கொழுப்பு அங்கங்கே கட்டிதட்டலாம். சதைக்குப் பதில் சிலிக்கோன் பை வைத்தவர்களுக்கு அதைச் சுற்றிய உறை இறுகும் தொல்லை இன்னும் அதிகமாம். அந்த மட்டில் ஆச்சிக்கு ஆறுதல்.

மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 15 தவணை. கதிர்வீச்சின்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது இடப்பக்கம் உள்ள இதயத்தைக் காக்க, மார்பை அல்ல.

பென்டாக்ஸிஃபிலின் என்ற மருந்தும் வைட்டமின் ஈயும் இந்த இறுக்கத்துக்குக் கொடுப்பதுண்டாம்; ரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு ஆகாது, தானாக வாங்காதீர்கள் என்றார். ஆச்சி கேட்டதோ ஒன்றே ஒன்று: "கையை எப்போ தூக்கலாம்?" தோள் பயிற்சியை நிறுத்தவே வேண்டாமாம்.