சிந்திரி வண்டி: அடுப்பே இல்லாததை நீராவி எஞ்சின் என்பதா?

குட்ஷெட்:
நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பெயர் வேண்டாம். டெல்லி சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிற ஜார்க்கண்டின் சிந்திரி உரத் தொழிற்சாலையின் ஷண்டிங் எஞ்சின் (வேகன்களைத் தள்ளி இடம் மாற்றும் வண்டி) படத்தைப் போட்டு, "இது எஞ்சினே இல்லை, சக்கரம் வைத்த வெந்நீர் அண்டா. காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியது" என்கிறார். 1953-இல் ஜெர்மனியின் ஹென்ஷெல் கம்பெனி செய்த ஃபயர்லெஸ் வண்டி அது. உர ஆலைக்குள் தீப்பொறி பறக்கக் கூடாது என்பதால் அடுப்பே வைக்கவில்லை. ஆலை பாய்லரிலிருந்து குழாய் வழியாக நீராவியை ஏற்றிக்கொண்டு, அழுத்தம் குறையும்வரை வேகன் தள்ளும். எக்ஸ்பிரஸ் இழுத்த எஞ்சினுக்கு மாலை, ஆலைக்குள்ளேயே தேய்ந்த வண்டிக்கு அண்டா என்று பட்டமா?

பொன்மலைப்பேரன்:
பெயர் சொல்ல என்ன தயக்கம் சார்? எழுதியவன் நான்தான். இங்கேயும் எழுதுகிறேன்: அடுப்பு எங்கே? என் தாத்தா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவில் இருந்தவர். சாகும்வரை முன்னங்கையில் தீக்காயத் தழும்பு. அவரிடம் போய் அடுப்பில்லாத நீராவி எஞ்சின் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆவிபறக்கும்:
வீட்டில் குக்கர் இருக்கிறதா? அடுப்பிலிருந்து இறக்கி வைத்த உடனே வெயிட்டைத் தூக்கிப் பாருங்கள். கூரை வரைக்கும் பீய்ச்சும். அடியில் நெருப்பு இருக்கிறதா என்ன? சிந்திரி வண்டி அதேதான். பெரிய உருளையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்குள் அழுத்தத்தோடு நீராவியைச் செலுத்தினால் தண்ணீர் 180 டிகிரிக்கு மேல்கூடப் போகும், கொதிக்காது. டிரைவர் ரெகுலேட்டரை, அதாவது ஆவியைத் திறந்துவிடும் வால்வைத் திறந்ததும் அழுத்தம் குறையும், தண்ணீர் தானாகக் கொதித்து மேலும் ஆவி தரும். அந்த ஆவி சிலிண்டருக்குப் போய் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனைத் தள்ளுவது ஆவி என்றால் அது நீராவி எஞ்சின். இதில் என்ன குழப்பம்?

பொன்மலைப்பேரன்:
குக்கர் கதை அருமை. அந்தக் குக்கரைச் சூடாக்கிய அடுப்பு எங்கே? ஆலையில். அப்படியானால் எஞ்சின் ஆலைதான். நீங்கள் காட்டுவது பாத்திரம்.

ஆவிபறக்கும்:
அப்போ மின்சார எஞ்சினும் எஞ்சின் இல்லையா? கரி எரிவது நெய்வேலியில் அல்லவா?

பொன்மலைப்பேரன்:
அதை மின்சார எஞ்சின் என்றுதான் சொல்கிறோம், நிலக்கரி எஞ்சின் என்று சொல்வதில்லை. பேச்சை மாற்றாதீர்கள். அடுப்பு எங்கே?

மீட்டர்கேஜ்_மீனாட்சி:
அடுப்பை விடுங்கள். ஓய்வு பெற்ற ஷண்டிங் வண்டிகள் என்ன ஆகின்றன என்று யாராவது பேசுகிறீர்களா? போன மாதம் ஒரு ஆலை வாசலில் டபிள்யூடிஎஸ்-4 ஒன்றைப் பார்த்தேன். சித்தரஞ்சனில் செய்த டீசல், மூன்று ஜோடிச் சக்கரமும் கம்பியால் இணைத்த பழைய பாணி. வாசலில் அழகுக்கு வைத்திருக்கிறார்களாம். கேபின் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. உள்ளே ஆள் உயரத்துக்கு அரசங்கன்று, அதன் வேர் கண்ட்ரோல் ஸ்டாண்டைப் பிளந்துகொண்டு இறங்கியிருக்கிறது. இணைப்புக் கம்பியில் வாட்ச்மேனின் லுங்கி காய்கிறது. பெயின்ட் மட்டும் புதுசு, மழைத் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்த தகட்டின் மேலேயே அடித்திருக்கிறார்கள். விரல் வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. இதற்கு கேஸ் கட்டரே மேல்.

பொன்மலைப்பேரன்:
அது டீசல், இங்கே பேச்சு நீராவி. ஆனால் ஒரு விஷயத்தில் நீங்கள் என் கட்சி. கண்டதையும் வாசலில் நிறுத்துவதைவிட வெட்டி விற்பதே மரியாதை. 1855-இல் செய்த ஃபேரி குவீன் என்ற நீராவி எஞ்சினை பெரம்பூரில் பழுது பார்த்து 1997-இல் மறுபடி ஓட விட்டார்கள். அதற்குப் பெயர் மறுவாழ்வு. ஏன் ஓடியது? அடுப்பு இருந்தது.

மீட்டர்கேஜ்_மீனாட்சி:
நான் உங்கள் கட்சி இல்லை ஐயா. கண்ணாடி போட்டு, கூரை போட்டு வைக்கச் சொல்கிறேன். அப்புறம், உங்கள் அடுப்புதான் முதலில் சாகிற உறுப்பு. கரி எரிகிற ஃபயர்பாக்ஸும் பாய்லர் குழாய்களும்தான் அரித்துப் போகும், அதை மாற்றத்தான் பணம் கரையும். ஃபயர்லெஸ்ஸில் அது எதுவும் கிடையாது, வெறும் உருளை. கிழக்கு ஜெர்மனியில் மைனிங்கன் பணிமனை 1980-களில்கூட இருநூறு வண்டி புதிதாகச் செய்தது. எண்ணெய்த் தட்டுப்பாடு, அதனால். இங்கிலாந்தில் ரெடிங் ஊர் பிஸ்கட் ஆலைகூட வைத்திருந்தது, பிஸ்கட்டில் கரி படியக் கூடாதே.

பொன்மலைப்பேரன்:
பிஸ்கட் சுட அடுப்பு இருந்தது அல்லவா? அதை வண்டியில் ஏன் வைக்கவில்லை?

குட்ஷெட்:
இதற்கு மேல் என்ன சொல்வது.

சைடிங்_சாமி:
நடுவில் ஒரு தகவல். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் 44 டன் ஷண்டிங் டீசல் செய்தது, 1940 முதல் 1956 வரை. ஏன் 44? 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள வண்டியில் டிரைவரோடு ஃபயர்மேன் என்ற உதவியாளும் இருந்தே ஆக வேண்டும் என்று 1937-இல் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம். 44 டன் என்றால் அவர்கள் கணக்கில் 88,000 பவுண்டு. ஃபயர்மேன் சம்பளம் மிச்சம். அந்த வண்டிகள் பெரிய ரயில்வேயில் வேலை முடிந்ததும் கல்குவாரி, தானியக் கிடங்கு என்று கைமாறின. ஓடுகிற வண்டிக்குத்தான் அடுத்த வாழ்க்கை உண்டு.

பொன்மலைப்பேரன்:
ஃபயர்மேன் இல்லாத வண்டியும் ஃபயர் இல்லாத வண்டியும் ஒன்றா தம்பி? அதுவும் 90,000 பவுண்டு நாற்பது டன்தான் வரும். கணக்குத் தப்பு.

சைடிங்_சாமி:
அமெரிக்க டன் 2,000 பவுண்டு. 44-ஐ அதால் பெருக்கிப் பாருங்கள். கால்குலேட்டருக்கும் அடுப்பு வேண்டுமா?

பொன்மலைப்பேரன்:
வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசக் கற்றுக்கொள். இரண்டு வருஷம் முன்பு நான் எடுத்த தூத்துக்குடி யார்டு படத்தை என் பெயர் வெட்டிவிட்டுப் போட்டவன்தானே நீ? மறந்துவிடுவேன் என்று நினைத்தாயா?

சைடிங்_சாமி:
அந்தப் படத்தில் எஞ்சினே பாதிதான் தெரிந்தது. மீதி உங்கள் கட்டைவிரல்.

ஆவிபறக்கும்:
சண்டை போடாதீர்கள். பேரன் சார், ஒரே கேள்வி. அதே அருங்காட்சியகத்தில் ராம்கோட்டி நிற்கிறது, 1862-இல் பிரான்சில் செய்தது. பயணிகளை இழுத்த வண்டி கடைசியில் கல்கத்தா மாநகராட்சியின் குப்பை வேகன்களை இழுத்தது. அதை நீராவி எஞ்சின் என்று ஒப்புக்கொள்வீர்களா?

பொன்மலைப்பேரன்:
தாராளமாக. குப்பை இழுத்தாலும் அடுப்பு இருந்தது.

ஆவிபறக்கும்:
இப்போது அது எரிகிறதா? சிந்திரி வண்டியிலும் நெருப்பில்லை, ராம்கோட்டியிலும் இல்லை. பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு என்ன வித்தியாசம்?

பொன்மலைப்பேரன்:
அணைந்த அடுப்பும் அடுப்புதான். இல்லாத அடுப்பு அடுப்பு ஆகாது. இதை எத்தனை முறை எழுதுவது? டெல்லிக்குப் போனால் குனிந்து கேபினுக்குள் பாருங்கள். கரி அள்ளிப் போடக் கதவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

குட்ஷெட்:
நான் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். நீங்கள் டெல்லிக்குப் போயிருக்கிறீர்களா?

பொன்மலைப்பேரன்:
போகத் தேவையில்லை. படத்திலேயே தெரிகிறது.

சைடிங்_சாமி:
யார் எடுத்த படம்? பெயரை வெட்டாமல் போட்டீர்களா?

குட்ஷெட்:
நான் எடுத்தது. மூலையில் என் பெயர் இருந்தது. அவர் போட்டதில் இல்லை.

பொன்மலைப்பேரன்:
குழுவில் வந்ததை அப்படியே பகிர்ந்தேன். வெட்டியது நான் இல்லை. பேச்சை மாற்றாதீர்கள், அடுப்பு எங்கே?