கிரீன் ஆனியன் அடிவேரைத் தூக்கிப் போடாதீங்க (கனடாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு)

வந்த புதுசுல கடையில எந்த விலையைப் பார்த்தாலும் மனசு தானா ரூபாய்க்கு மாத்திப் பார்க்கும். அந்தக் கணக்கு ஓடுற வரைக்கும் இந்தச் சின்ன விஷயம் உதவும். வெங்காயத்தாள் இங்க கிரீன் ஆனியன்னு வேரோட கட்டா கிடைக்கும். பச்சையை நறுக்கிட்டு அடியை வச்சுக்கிட்டா திரும்பத் தழைக்கும்.

ஆனா "இனிமே வாங்கவே வேண்டாம்"னு வீடியோல சொல்றதை நம்பாதீங்க. பாசிப்பருப்பு போட்டு கூட்டு வைக்கணும்னா கட்டுக் கணக்குல வேணும், அதுக்குக் கடைதான். ஆம்லெட், ஊத்தப்பம், ஃபிரைட் ரைஸ் மேல தூவுறதுக்கு வீட்டுல வளர்றது தாராளம்.

வாங்கும்போதே வேரைப் பாருங்க. வெள்ளையா, கொத்தா இருக்கணும். வேரை ஒட்ட நறுக்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு வர்றது இதுக்கு உதவாது. ரப்பர் பேண்டை உடனே கழட்டுங்க, அது அழுத்துற இடத்துலதான் முதல்ல அழுகும். வேருக்கு மேல 4, 5 செ.மீ. வெள்ளைத் தண்டை விட்டு வெட்டி, டம்ளர்ல நிக்க வச்சு, வேர் மட்டும் முங்குற அளவு தண்ணி ஊத்துங்க. தண்டு முழுக்க முங்கினா ரெண்டே நாள்ல வழவழன்னு ஆகி, கிச்சனே நாறும். தண்ணியை ஒருநாள் விட்டு ஒருநாளாவது மாத்தணும். மறுநாளே நடுவுல இருந்து பச்சை எட்டிப் பார்க்கும், ஒரு வாரத்துல நறுக்குற உயரம் வந்துடும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. முதல் தடவை வளர்றது தண்டுக்குள்ள ஏற்கெனவே இருந்த சத்துல. வெறும் தண்ணியில என்ன இருக்கு? அடுத்த வெட்டுக்கு இலை நூல் மாதிரி மெலிஞ்சு, வாசனையும் குறைஞ்சுடும். அதனால வேர் நீண்டதும் மண்ணுக்கு மாத்திடுங்க. 750 கிராம் தயிர் டப்பா அடியில நாலஞ்சு ஓட்டை போட்டு, பாட்டிங் மிக்ஸ் (தொட்டிக்குன்னே விக்கிற மண் கலவை) நிரப்பினா ஆறு தண்டு தாங்கும். கீழே ஒரு தட்டு வைங்க, வாடகை வீட்டு ஜன்னல் கட்டையில தண்ணிக்கறை படிஞ்சா ஓனர் விடமாட்டார். வெளியில இருந்து மண் அள்ளிட்டு வர வேண்டாம். தொட்டியில அது இறுகிப்போகும், பூச்சியும் கூடவே வரும்.

மண்ணுல வச்சப்புறம் மேல்மண் காய்ஞ்சாத்தான் தண்ணி. எப்பவும் ஈரமா இருந்தா சின்னச் சின்னக் கறுப்புக் கொசு சுத்த ஆரம்பிக்கும், அப்புறம் மஞ்சள் ஒட்டு அட்டை வாங்கி மாட்டணும். வெட்டும்போது மண்ணுக்கு மேல ரெண்டு விரல் உயரம் விட்டு வெட்டுங்க. கீழே வெங்காயம் விளையும்னு காத்திருக்காதீங்க, இலைதான் லாபம்.

டிசம்பர்ல டொராண்டோ பக்கம் பகல் வெளிச்சமே 9 மணி நேரம்தான். தெற்கு பார்த்த ஜன்னல் இருந்தா நல்லது, ஆனா இலை கண்ணாடியைத் தொடக்கூடாது, குளிர்ல கருகிடும். ஜன்னலுக்குக் கீழேயே ஹீட்டர் வென்ட் இருந்தா அந்தச் சூடு வேற மண்ணைக் காய வைக்கும், கொஞ்சம் தள்ளி வைங்க. பேஸ்மென்ட்ல இருக்கிறவங்க சாதாரண வெள்ளை எல்இடி டேபிள் லேம்ப்பை ஒரு ஜாண் மேல வச்சு, தினம் 12, 14 மணி நேரம் எரிய விட்டாலே போதும்.

சைவ்ஸ் (chives, வெங்காயத்தாளோட மெல்லிசான சொந்தக்காரன்) கதையே வேற. சின்ன பிளாஸ்டிக் பெட்டியில வர்றது வெறும் இலை. வேர் இல்லாம தண்ணியில எத்தனை நாள் வச்சாலும் அழுகத்தான் செய்யும். ஏப்ரல், மே மாசம் சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல போடுற கார்டன் சென்டர்ல செடியாவே வாங்குங்க. இன்னும் நல்ல வழி, வீட்டுத் தோட்டம் வச்சிருக்கிற தெரிஞ்சவங்ககிட்ட வேரோட ஒரு பிடி கேட்கிறது. சைவ்ஸ் புதராப் பெருகும். சில வருஷத்துக்கு ஒருமுறை பிரிச்சு நட்டாத்தான் அதுக்கே நல்லது, அதனால யாரும் இல்லைன்னு சொல்லமாட்டாங்க. குளிர்காலத்துல பால்கனியில இலை முழுக்கப் பட்டுப்போகும். செத்துடுச்சுன்னு தொட்டியைக் காலி பண்ணிடாதீங்க, பனி உருகினதும் மறுபடி துளிர்க்கும். ஊதாப் பூவையும் சாலட்ல போடலாம், ஆனா விதை விழுற வரைக்கும் விட்டா பக்கத்துத் தொட்டியெல்லாம் அதுதான் முளைக்கும்.

முளைவிட்ட சின்ன வெங்காயம் இருந்தா அதையும் பாதி புதைச்சு வைங்க, தாள் நல்ல காரமா வரும். புதினாத் தண்டும் தண்ணியில வேர் விடும். கொத்தமல்லித் தண்டோட மல்லுக்கட்டாம தனியாவை ரெண்டா உடைச்சு விதைச்சுடுங்க.

வீட்டுல பூனையோ நாயோ இருந்தா தொட்டி அதுக்கு எட்டாத உயரத்துல இருக்கணும். வெங்காயம், பூண்டு, சைவ்ஸ் எல்லாமே அதுகளுக்கு விஷம், ரத்த அணுக்களையே சிதைச்சுடும். கடிச்சிருந்தா தானா சரியாகும்னு பார்க்காம உடனே கால்நடை டாக்டருக்கு போன் பண்ணுங்க.