புதுப்பிப்பு: மருத்துவமனை ஆலோசனைக் குழுவில் சேர்ந்துவிட்டேன்

அம்மாவுக்கு டயாலிசிஸ் செய்யும் தர்மபுரி மருத்துவமனையில் நோயாளிகளையும் உறவினர்களையும் ஆலோசகர்களாகச் சேர்க்கிறார்கள், போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். சம்பளம் கிடையாது; டீ உண்டு.

முதல் கூட்டத்தில் சுவர் வண்ணம் பற்றியே பேச்சு ஓடியது. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர்தான் குறுக்கிட்டார்: "கடைசி பஸ் போன பிறகு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்தால் நாங்கள் எங்கே படுப்பது, சார்?" மருத்துவர்களுக்கு அது புதுச் செய்தி! இப்போது தொலைவிலிருந்து வருபவர்களுக்கு முற்பகலிலேயே சீட்டு எழுதிவிடுகிறார்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கும் பகல், இரவு வேளை புரிய மாத்திரை உறையில் சூரியன், நிலா படம் போடும் யோசனைதான் இன்னும் கிடப்பில் இருக்கிறது.

"வெறும் கண்துடைப்பு" என்று எழுதிய நண்பருக்கு: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டமே மருத்துவமனைகளில் இத்தகைய குழுவைக் கட்டாயமாக்கியது. இங்கே அரசு மருத்துவமனைகளில், வசதிகளைக் கவனிக்கும் நிர்வாகக் குழுவாக நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. அதில் நோயாளிக்கு ஒரு நாற்காலி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.