சர்ஃப் பேட்டன்ட்ல இருக்குன்னு ஓப்பன்சிவி எரர் அடிக்குது, கம்பெனி வேலைக்கு யூஸ் பண்ணலாமா?

பொங்கோல்பிரியன்:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல காக்கி புக்கிட்ல ஒரு சின்ன கம்பெனில சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. பழைய கட்டடங்களோட வெளிச்சுவரை ட்ரோன்ல படம் எடுத்து, அதையெல்லாம் ஒட்டி ஒரே பெரிய படமாக்கி எஞ்சினியர் கையில குடுக்கறோம், அவர் அதுல விரிசல், காரை பெயர்ந்த இடம் எல்லாம் மார்க் பண்ணுவார். 13 மீட்டருக்கு மேல உயரம், 20 வருஷத்துக்கு மேல வயசுன்னா 7 வருஷத்துக்கு ஒரு தடவை வெளிச்சுவர் சோதனை கட்டாயம்னு 2022லேர்ந்து இங்க கட்டடங்களைக் கண்காணிக்கற பிசிஏ கொண்டு வந்தாங்கல்ல, அதுலேர்ந்து இந்த வேலைக்கு நல்ல டிமாண்ட்.

படம் ஒட்டற கோடு எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது, சர்ஃப்ங்கற அல்காரிதம் வச்சு ஃபீச்சர் எடுக்குது, அதாவது ரெண்டு படத்துலயும் அடையாளம் கண்டு ஜோடி சேர்க்கற புள்ளிகள். பழைய மெஷின்ல, படங்களை அலசற ஓப்பன்சிவிங்கற லைப்ரரியோட 3.4.2 வெர்ஷன் இருக்கறதால ஓடுது. புது லேப்டாப்ல பிப்ல (பைத்தான் லைப்ரரி இறக்கற டூல்) லேட்டஸ்ட் வெர்ஷன் போட்டு ரன் பண்ணினா, இந்த அல்காரிதம் பேட்டன்ட்ல இருக்கு, இந்த பில்ட்ல சேர்க்கல, நான்ஃப்ரீ ஆப்ஷனை ஆன் பண்ணி திரும்ப பில்ட் பண்ணுன்னு எரர் வருது.

எனக்குப் புரியாதது ரெண்டு விஷயம். ஓப்பன்சிவி ஓப்பன் சோர்ஸ், லைசன்ஸ்ல வியாபாரத்துக்கும் தாராளமா யூஸ் பண்ணிக்கலாம்னுதானே இருக்கு, அப்புறம் உள்ள இருக்கற ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் எப்படி பேட்டன்ட்? அடுத்தது, நாம சிங்கப்பூர்ல உக்காந்து இங்க இருக்கற புளோக்கை படம் எடுக்கறோம், அமெரிக்கா பேட்டன்ட் நம்மள என்ன பண்ணும்? பாஸ் நீயே பில்ட் பண்ணிக்கோங்கறார். ஆனா அடுத்த வருஷம் இதே சாஃப்ட்வேரை அமெரிக்கால ஒரு கஸ்டமருக்கு குடுக்கறதா பேச்சு நடக்குது, அதான் எனக்கு உறுத்துது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேக்காகாரன்:

சோர்ஸ் இறக்கி நான்ஃப்ரீ ஃப்ளாகை ஆன் பண்ணி கம்பைல் போடுங்க ப்ரோ, அரை நாள் வேலை. பாலிடெக்னிக் ப்ராஜெக்ட்ல நான் அப்படித்தான் பண்ணேன், யாரும் ஒண்ணும் கேக்கல.

உட்லண்ட்ஸ்_மணி:

தேக்காகாரன் தம்பி, படிக்கறப்போ செய்யறதும் காசு வாங்கிக்கிட்டு செய்யறதும் ஒண்ணு இல்ல, அதை அப்புறம் சொல்றேன்.

பிரியன், உங்க முதல் கேள்விலதான் முக்காவாசிப் பேர் வழுக்கறாங்க. தமிழ்ல காப்பிரைட்டையும் காப்புரிமைங்கறோம், பேட்டன்ட்டையும் காப்புரிமைங்கறோம், அதனாலயே குழப்பம் ஜாஸ்தி. லைசன்ஸ்ங்கறது எழுதின கோடுக்கு, அதை எழுதினவங்க குடுக்கற அனுமதி. பேட்டன்ட் அந்த வழிமுறை மேல இருக்கு. ஓப்பன்சிவிய தொடாம பேப்பரை மட்டும் படிச்சிட்டு முதல் வரிலேர்ந்து நீங்களே சொந்தமா எழுதினாலும் வழிமுறை அதேதான்னா பேட்டன்ட் அங்கயும் வந்து நிக்கும். ஓப்பன்சிவி 4.5லேர்ந்து அப்பாச்சி 2க்கு மாறிட்டாங்க, அதுல பேட்டன்ட் அனுமதியும் உண்டு, ஆனா அது கோடு குடுத்தவங்க தங்களோட பேட்டன்ட்டுக்கு குடுக்கற அனுமதி மட்டும்தான். வெளியாள் வச்சிருக்கற பேட்டன்ட்டை அவங்க எப்படி தூக்கிக் குடுக்க முடியும்? அதனாலதான் நான்ஃப்ரீன்னு தனியா ஒரு மூலையில ஒதுக்கி வச்சு, வேணும்னா நீயே முடிவு பண்ணி ஆன் பண்ணிக்கோன்னு விட்டிருக்காங்க.

சர்ஃப் 2006ல ஹெர்பர்ட் பே, டின்னே டாய்டலார்ஸ், லூக் வான் கூல் மூணு பேரும் கொண்டு வந்தது, அமெரிக்கால 2012ல பேட்டன்ட் குடுத்தாங்க, நம்பர் 8165401. ஓப்பன்சிவில இன்னும் நான்ஃப்ரீலதான் கிடக்கு.

ஆனா நீங்க சர்ஃபையே கட்டிக்கிட்டு அழணும்னு என்ன இருக்கு? அதே வேலையைச் செய்யற சிஃப்ட் இப்ப ஃப்ரீ. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல டேவிட் லோ 1999ல கொண்டு வந்தது, 2000 மார்ச்ல பேட்டன்ட்டுக்கு போட்டாங்க, 2004 மார்ச்ல கிடைச்சுது, 2020 மார்ச்ல காலாவதி. அந்த ஜூலையிலயே ஓப்பன்சிவி 4.4ல அதை மெயின் பக்கத்துக்கு கொண்டு வந்துட்டாங்க, கான்ட்ரிப்ங்கற கூடுதல் பேக்கேஜ் கூட தேவையில்ல. சர்ஃபே சிஃப்ட்டை வேகமாக்கறதுக்குன்னு வந்ததுதான், ஒரு புள்ளியைச் சுத்தி எப்படி இருக்குன்னு சொல்ற டிஸ்க்ரிப்டர் சர்ஃப்ல 64 எண், சிஃப்ட்ல 128. உங்களுக்கு ரியல் டைம் இல்லையே, ராத்திரி ஓட விட்டுட்டு காலைல வந்து பார்க்கலாம், வேகம் உங்களுக்கு ஒரு பிரச்சினையே இல்ல.

வேகம் வேணும்னா ஆர்ப் இருக்கு, 2011ல வில்லோ கராஜ்ங்கற ரோபோ கம்பெனில பண்ணது, சிஃப்ட் சர்ஃபுக்கு மாத்துன்னு பேப்பர் தலைப்புலயே போட்டுத்தான் வந்துது, லைசன்ஸ் தொல்லை இல்லாம ஒண்ணு வேணும்ங்கறதும் அதுக்கு ஒரு காரணம். அகாஸேன்னு ஒண்ணும் 2013ல வந்துது, காஸேன்னா ஜப்பான் மொழில காத்து. ஆனா இது ரெண்டோட டிஸ்க்ரிப்டரும் பைனரி, வெறும் 0, 1தான், எத்தனை இடத்துல வித்தியாசம்னு எண்ற ஹேமிங் தூரத்துலதான் மேட்ச் பண்ணணும். ஜோடி சேர்க்கற பழைய மேட்சரை அப்படியே விட்டுட்டு புள்ளி எடுக்கற டிடெக்டரை மட்டும் மாத்தினா குப்பைதான் வரும்.

ஜூரோங்_மலர்:

மணி அண்ணன் டெக்னிகல் பக்கம் சொல்லிட்டார், நான் இன்னொரு பக்கம் சொல்றேன். நான் வக்கீல் இல்ல, ஆனா இந்த விஷயத்துல ஒரு தடவை நல்லா சூடு பட்டிருக்கேன்.

பேட்டன்ட் நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்கா பேட்டன்ட் அமெரிக்கால செய்யறது, யூஸ் பண்றது, விக்கறது, அங்க இறக்குமதி பண்றதைத்தான் தடுக்கும். சிங்கப்பூர்ல ஒண்ணு செல்லணும்னா சிங்கப்பூர்ல பதிஞ்சிருக்கணும், இங்க பேட்டன்ட் பதியற ஐபாஸ் ஆபீஸோட வெப்சைட்ல ஃப்ரீயாவே தேடிப் பார்க்கலாம். ஆனா தம்பி, நீங்களே சொல்றீங்க அமெரிக்கா கஸ்டமர்னு. சாஃப்ட்வேரை அங்க குடுத்தா அந்த ஊர் சட்டம் உள்ள வந்துடும். அதுவும் அங்க வேணும்னே மீறினதா நிரூபணம் ஆச்சுன்னா நஷ்டஈட்டை மூணு மடங்கு வரைக்கும் ஏத்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. பேட்டன்ட்ல இருக்குன்னு எரரே கண்ணு முன்னாடி வந்து, அதைத் தாண்டி நான்ஃப்ரீன்னு பேரு போட்ட ஃப்ளாகை நீங்களே கையால ஆன் பண்ணிட்டு, எனக்குத் தெரியாதுன்னு எப்படி சொல்லுவீங்க?

தேக்காகாரன் சொன்ன படிப்பு விஷயம், இங்க பேட்டன்ட் சட்டம் 66ஆம் பிரிவுல சொந்த உபயோகத்துக்கு, வியாபார நோக்கம் இல்லாம செய்யறதுக்கு விலக்கு இருக்கு, அந்தக் கண்டுபிடிப்பையே ஆராயற சோதனைக்கும் இருக்கு. கஸ்டமர்கிட்ட இன்வாய்ஸ் போட்டு காசு வாங்கற வேலை இது எதுலயும் வராது.

நான் முன்னாடி இருந்த கம்பெனிய ஒரு வெளிநாட்டுக்காரங்க வாங்க வந்தாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு, கடைசில அவங்க வக்கீல் எல்லா லைப்ரரியோட லிஸ்ட்டும் பில்ட் ஸ்கிரிப்ட்டும் கேட்டார். பில்ட் ஸ்கிரிப்ட்ல நாப்பதாவது வரியோ என்னமோ, நான்ஃப்ரீ ஆன். யாரோ மூணு வருஷம் முன்னாடி டெமோவுக்குன்னு போட்டது, எடுக்கவே இல்ல. அதை மாத்தி, எல்லா டெஸ்ட்டும் திரும்ப ஓட்டி, ரிப்போர்ட் குடுக்க ஆறு வாரம் ஆச்சு, தீபாவளிக்கு ஊருக்குப் போற டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணேன். விலையையும் அதைக் காட்டியே குறைச்சாங்க. ஒரே ஒரு வரிப்பா. இப்பவே மாத்திடுங்க, கோடு சின்னதா இருக்கறப்பவே.

பொங்கோல்பிரியன்:

மணி அண்ணே, மலர் அக்கா, ரொம்ப நன்றி. அக்கா எழுதினதை அப்படியே பாஸ்கிட்ட காட்டினேன், படிச்சிட்டு சரி மாத்துன்னுட்டார்.

ஆனா மாத்தினதுல எனக்கு வேற பிரச்சினை. சர்ஃப்ங்கற இடத்துல சிஃப்ட்னு போட்டேன், வேற எதையும் தொடல, எரர் இல்லாம ஓடுது, ஆனா ரிசல்ட் ரொம்ப மோசம். ஈசூன்ல எடுத்த ஒரு புளோக், பக்கத்து பக்கத்து படம் ரெண்டு, சர்ஃப்ல நூத்துக்கணக்குல மேட்ச் வந்த இடத்துல சிஃப்ட்ல 11தான் வருது. சில ஜோடி ஒட்டவே மாட்டேங்குது, சிலது ஒரு மாடி தள்ளி ஒட்டுது, ஒன்பதாவது மாடி ஜன்னல் பத்தாவது மாடில போய் உக்காந்திருக்கு. வரைஞ்சு பார்த்தா பாயின்ட் எல்லாம் ஜன்னல் கம்பிலயும் மூங்கில்ல காயப்போட்ட துணிலயும்தான் இருக்கு, எங்களுக்கு வேண்டிய வெறும் சுவர்ல ஒண்ணு கூட இல்ல. சிஃப்ட் நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

உட்லண்ட்ஸ்_மணி:

டிடெக்டரை கூப்பிடற அந்த ஒரு வரிய மட்டும் அப்படியே இங்க போடுங்க தம்பி, பிராக்கெட்டுக்குள்ள என்ன இருக்கு?

பொங்கோல்பிரியன்:

400 மட்டும்தான் அண்ணே. அது பழைய கோடுலயே இருந்தது.

உட்லண்ட்ஸ்_மணி:

நினைச்சேன். சர்ஃப்ல முதல்ல குடுக்கற எண் ஹெஸியன் த்ரெஷோல்ட், 400ன்னா இவ்வளவுக்கு மேல வலுவா இருக்கற பாயின்ட் எல்லாத்தையும் எடுன்னு அர்த்தம். சிஃப்ட்ல முதல் எண் மொத்தமே எத்தனை பாயின்ட் வேணும்ங்கறது. நீங்க 400 போதும்னு சொல்லியிருக்கீங்க, அது கான்ட்ராஸ்ட் ஜாஸ்தியா இருக்கற 400ஐ பொறுக்கிக் குடுத்திருக்கு. வெயில்ல ஜன்னல் கம்பியும் கலர் துணியும்தான் பளிச்சுன்னு இருக்கும், பெயின்ட் அடிச்ச சுவர் எங்க அதுல ஜெயிக்கறது? அந்த 400ஐ எடுத்துட்டு வெறும் பிராக்கெட்டா விடுங்க, லிமிட் போயிடும். அதுக்கப்புறமும் சுவர்ல பத்தலன்னா கான்ட்ராஸ்ட் த்ரெஷோல்ட் 0.04ல இருக்கும், அதை பாதியாக்கிப் பாருங்க.

மாடி தள்ளி ஒட்டறது வேற கதை, அதுக்கு அல்காரிதத்தை குறை சொல்ல முடியாது. வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்ல ஒரே ஜன்னல் மேல மேல பத்து தடவை. சிஃப்ட் கொண்டு வந்த லோ சொன்ன ரேஷியோ டெஸ்ட் என்ன பண்ணுது, ஒரு பாயின்ட்டுக்கு நல்லா ஒத்துப் போற முதல் ஜோடியோட டிஸ்க்ரிப்டர் தூரத்தை அடுத்த ஜோடியோட தூரத்தால வகுத்து 0.8க்கு மேல போனா சந்தேகம்னு தூக்கிப் போடுது. உங்களுக்கு ஒன்பதாவது மாடி ஜன்னல் மூலையும் பத்தாவது மாடி ஜன்னல் மூலையும் அச்சு அசலா ஒண்ணு, வகுத்தா கிட்டத்தட்ட 1 வரும், நல்ல மேட்ச் கூட குப்பைக்கு போயிடும். மிச்சம் தப்பிச்சு வர்ற கொஞ்சத்துல தப்பானதெல்லாம் ஒரே மாதிரி ஒரு மாடி அளவுக்குத் தள்ளியே இருக்கும், பெரும்பான்மையோட ஒத்துப் போகாத ஜோடிகளைக் கழிக்கற ரான்சாக் அதைப் பார்த்துட்டு ஓஹோ எல்லாரும் ஒத்துப் போறாங்கன்னு நம்பிடும். அதனால முழு படத்துலயும் தேட விடாதீங்க. ட்ரோன் ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு மேல ஏறுதுன்னு உங்களுக்கே தெரியும், அந்தக் கணக்குப்படி பாயின்ட் எங்க இருக்கணுமோ அதைச் சுத்தி அரை மாடி அளவுக்குள்ள மட்டும் ஜோடி தேடுங்க. அப்ப பத்தாவது மாடி ஜன்னல் போட்டிக்கே வராது. துணி காத்துல ஆடறது ரான்சாக்ல தானா கழிஞ்சிடும், அதுக்கு கவலைப்படாதீங்க.

தேக்காகாரன்:

மணி அண்ணே, இப்ப எல்லாரும் டீப் லேர்னிங்ல சூப்பர்பாயின்ட்னு ஒண்ணு யூஸ் பண்றாங்களே, அது இதைவிட நல்லா வரும்ல? கிட்ஹப்ல ட்ரெயின் பண்ண மாடலே கிடைக்குது.

ஜூரோங்_மலர்:

நல்லா வரும் தம்பி, ஆனா இறக்கறதுக்கு முன்னாடி லைசன்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்க. மேஜிக் லீப் 2018ல வெளியிட்ட சூப்பர்பாயின்ட் மாடல் வியாபாரம் இல்லாத ஆராய்ச்சிக்கு மட்டும்தான். இங்க பேட்டன்ட் வரைக்கும் கூட போக வேண்டாம், லைசன்ஸ்லயே தடுக்கறாங்க. லைட்க்ளூன்னு மேட்சர் ஒண்ணு அப்பாச்சில வருது, அதை நம்பி எடுத்துட்டு கூடவே சூப்பர்பாயின்ட் வெயிட்ஸையும் (ட்ரெயின் பண்ண மாடல் ஃபைல்) சேர்த்துப் போடறவங்க நிறைய பேர், மேட்சர் ஃப்ரீன்னா எல்லாமே ஃப்ரீன்னு நினைச்சுக்கறாங்க. டீப் லேர்னிங்தான் வேணும்னா டிஸ்க்னு ஒரு மாடல் இருக்கு, அதுவும் அப்பாச்சி, லைட்க்ளூ கூட சேர்ந்து ஓடும்.

பொங்கோல்பிரியன்:

அண்ணே வந்துடுச்சு!! 400ஐ எடுத்ததும் ஒரு படத்துக்கு ஆயிரக்கணக்குல பாயின்ட், சுவர்லயும் பெயின்ட் கறை, மழைத் தண்ணி வழிஞ்ச கோடு எல்லாத்துலயும் புள்ளி விழுது. அரை மாடி லிமிட் போட்டதும் ஈசூன் புளோக் கீழேர்ந்து மேல வரைக்கும் ஒழுங்கா ஒட்டிடுச்சு, எஞ்சினியர் ஏழாவது மாடில ஒரு மெல்லிசான விரிசலை காட்டினார், பழைய சர்ஃப் படத்துல அது ரெண்டு படம் சேர்ற இடத்துல மாட்டி மங்கலா போயிருந்தது.

பழைய மெஷின்லேர்ந்து 3.4.2வையும் எடுத்துட்டேன். மலர் அக்கா சொன்ன மாதிரி பில்ட் ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் நான்ஃப்ரீன்னு தேடினேன், டாக்கர் ஃபைல் ஒண்ணுல இருந்துது, அதையும் தூக்கியாச்சு. இன்னொரு கேள்வி, டெபன்டென்சி லிஸ்ட் எழுதி வைக்கணும்னா லைப்ரரி பேரு வெர்ஷன் லைசன்ஸ் போதுமா, இல்ல அல்காரிதம் பேரும் போடணுமா அக்கா?

ஜூரோங்_மலர்:

அல்காரிதம் பேரும் போடுங்க தம்பி, கூடவே எந்த ஃபைல்ல கூப்பிடறீங்கன்னும் போடுங்க. எங்ககிட்ட அந்த வக்கீல் முதல்ல கேட்டது அதைத்தான்.