கோடையில் ஜோஷுவா ட்ரீ: தண்ணியைத் தேடி வந்தவங்க

கலிஃபோர்னியா பாலைவனத்தில் இருக்கிற ஜோஷுவா ட்ரீ நேஷனல் பார்க்கில் கோடையில் எதையெல்லாம் நேருக்கு நேர் பார்த்தீங்கன்னு கேட்டிருக்கீங்க. பாம்புக் கதையை எதிர்பார்த்தா ஏமாந்துடுவீங்க. எங்களை முதலில் வளைச்சது தேனீ.

ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டில் வண்டியை நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகல. வழியெல்லாம் ஏசி ஓடினதால வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்துட்டிருந்தது. நனைஞ்ச மண்ணு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எங்கிருந்துதான் வந்ததோ, தேனீக் கூட்டம் அதைச் சுத்தி மொய்க்க ஆரம்பிச்சுட்டுது. கொட்ட வரல. குனிஞ்சு உத்துப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஈர மண்ணில் வாயை வெச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கு. அப்புறம் தண்ணி கேனோட மூடி, கூலர் விளிம்பு, காயப் போட்ட துண்டு, எங்க வீட்டுக்காரர் பிடரி வேர்வை, எதையும் விட்டுவைக்கல. அவர் கையை வீசி விரட்டப் போனார். "சும்மா இருங்க, வீசினாத்தான் கொட்டும்"னு சொல்லி உட்கார வெச்சேன். ஈரமா இருந்ததையெல்லாம் உள்ள போட்டு, வண்டிக் கண்ணாடிகளை ஏத்திவிட்டு, தள்ளி ஒரு பாறை நிழலில் போய் உட்கார்ந்துட்டோம். இருட்டினதும் ஒண்ணுகூட இல்ல. தேனீ கொட்டினா ஒத்துக்காதவங்க ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் போகாம இருக்கிறதே மேல்.

அதுங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அந்த கேம்ப்கிரவுண்டில் ஒரு குழாய்கூடக் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 4 லிட்டர் கையோட கொண்டு வரணும்னு பார்க்கிலேயே சொல்றாங்க. வெயிலில் நடந்தா அதுவும் பத்தாது. நாங்க ட்வென்ட்டிநைன் பாம்ஸ் ஊரிலேயே எல்லா கேனையும் நிரப்பிக்கிட்டோம். உள்ளே போனா முக்கால்வாசி இடத்தில் போன் சிக்னலும் இல்ல. பகலில் 38 டிகிரியைத் தாண்டுற நாள்தான் அதிகம். விறகு மூட்டவும் கோடையில் பெரும்பாலும் தடை இருக்கும், அதனால "கேம்ப்ஃபயர்" கனவோட போகாதீங்க.

நடக்கிறதா இருந்தா விடியுறதுக்கு முன்னாடி நடந்துடணும். ரயன் மவுண்டன் போய்வர 5 கிலோமீட்டர்தான், ஆனா 320 மீட்டர் ஏத்தம், நிழலே கிடையாது. ஹெட்லாம்ப் கட்டிக்கிட்டு ஏறினோம். 1,664 மீட்டர் உச்சியில் சூரியன் வந்தப்ப காத்து சில்லுன்னுதான் இருந்தது. பாதி இறங்குறதுக்குள்ளேயே சுள்ளுன்னு ஏறிடுச்சு. ஃபார்ட்டிநைன் பாம்ஸ் ஓயாசிஸ்ங்கிற பாலைவனச் சோலைக்கும் ஆசைப்பட்டோம், பாதையை மூடியிருந்தாங்க. அங்கே இருக்கிற ஊத்துதான் பிக்ஹார்ன்ங்கிற காட்டு ஆடுகளுக்குக் கோடையில் குடிநீர். மனுஷ நடமாட்டம் இருந்தா ஆடு இறங்கி வராதாம், அதனால வெயில் காலம் முடியுற வரைக்கும் நமக்கு அனுமதி இல்ல. இதைவிட நியாயமான தடையை நான் எங்கேயும் பார்க்கல.

தண்ணிக்காக வராத ஒரே விருந்தாளி கங்காரு எலி. ராத்திரி டென்ட் வாசலில் சிவப்பு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். நீள வால், வால் நுனியில் குஞ்சம், பின்னங்காலிலேயே தாவித் தாவி வந்தது. புல் விதைகளைப் பொறுக்கி முன்னங்காலால கன்னப்பையில் அடைச்சுக்கிட்டே இருந்தது, நாங்க இருக்கோம்னே கண்டுக்கல. அந்த விதையை அது செரிக்கும்போதே உடம்புக்கு வேண்டிய தண்ணி ஊறிடும், வாழ்நாள் முழுக்கத் தண்ணி குடிக்காமலே காலம் தள்ளிடும். பொரிகடலையைப் போட்டுப் பார்க்கலாம்னார் இவர். காட்டு மிருகத்துக்குத் தீனி போடுறது அங்கே குத்தம், தெரிஞ்சுக்குங்க.

பெரிய சந்திப்பு மறுநாள் சாயங்காலம். கோடை முழுக்கக் காய்ஞ்சு கிடந்தாலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மெக்ஸிகோ பக்கத்திலிருந்து ஈரக்காத்து ஏறி, திடீர்னு இடிமழை கொட்டும். பின்டோ பேசின் ரோட்டில் தெற்கே போயிட்டிருந்தோம். எங்க தலைக்கு மேல தூறல்தான். மலைப்பக்கம் கொட்டின மழை, வெறும் மணலா இருந்த காட்டோடையில் காப்பி நிறத்தில் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போச்சு. கடக்க முயற்சி பண்ணாம ஓரங்கட்டிட்டோம். பின்னாடி வந்த வண்டிக்காரங்களும் அப்படியே நின்னுட்டாங்க.

வெள்ளம் வடியட்டும்னு இறங்கி நின்னப்பத்தான் பார்த்தேன், ரோட்டோரப் பள்ளத்தில் தேங்கின மழைத்தண்ணியில் ஒரு பாலைவன ஆமை. சின்னத் தாம்பாளம் அளவு ஓடு, காலெல்லாம் யானைக்கால் மாதிரி மடிப்பு. மூஞ்சியைத் தண்ணிக்குள்ள அமுக்கி வெச்சிருக்கு. தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்குது. நாங்க நின்ன நேரம் பூரா தலையைத் தூக்கவே இல்ல. மழை வாசனைக்காக வளையை விட்டு வர்ற ஜீவன் அது. ஒரு தடவை வயிறாரக் குடிச்சா மூத்திரப்பையில் சேத்து வெச்சு ஒரு வருஷம்கூட ஓட்டிடும். நாம ஆசையா கையில் தூக்கினா பயத்தில் அதை மொத்தமா விட்டுடும், அப்புறம் தாகத்திலேயே செத்துப்போகலாம். 1990-லிருந்து அமெரிக்க மத்திய அரசோட சட்டப் பாதுகாப்பில் இருக்கு. பக்கத்தில் போகாம, ஜூம் பண்ணித்தான் படம் எடுத்தேன்.

*

பதில்: அக்கா, தேனீயாவது பறந்து போயிடுச்சு. அதே பின்டோ பேசின் ரோட்டில் சோய்யா (cholla)ங்கிற முள்ளுக் கள்ளித் தோட்டம் இருக்கே, அங்கே எங்க பையன் கெண்டைக்காலில் ஒரு கள்ளி உருண்டை ஒட்டிக்கிச்சு. பார்க்க பொசுபொசுன்னு கரடிப் பொம்மை மாதிரி இருக்கும், முள்ளு நுனியெல்லாம் கொக்கி. கையால பிடுங்கப் போன என் விரலிலும் பாதி ஏறிடுச்சு. பக்கத்தில் நின்ன ஒரு பெரியவர் பையிலிருந்து சீப்பை எடுத்து, தோலுக்கும் உருண்டைக்கும் நடுவில் விட்டு ஒரே நெம்பு. பறந்து போய் விழுந்துச்சு. மிச்ச முள்ளை ட்வீசரால எடுத்தோம். இப்ப எங்க வண்டியில் அகலப்பல் சீப்பு நிரந்தரம்.

*

பதில்: ஜோஷுவா ட்ரீயே இப்படின்னா, அதைவிடச் சூடான பாலைவனமான டெத் வேலிக்குக் கோடையில் போறவங்க இதையும் கேட்டுக்குங்க. அங்கே கீழே இருக்கிற பேட்வாட்டர்ங்கிற பள்ளம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் தாழ்வு. 2024 ஜூலையில் அங்கே பைக்கில் வந்த ஒருத்தர் வெயில் தாங்காம இறந்துட்டார், அன்னைக்கு 53 டிகிரி. அந்தச் சூட்டில் காத்து லேசாகிடுறதால மீட்பு ஹெலிகாப்டராலயே வர முடியல. கோடையில் டென்ட் போடணும்னா மேலே மஹோகனி ஃப்ளாட், 2,400 மீட்டருக்கு மேல. கடைசிப் பாதை கரடுமுரடு, சின்ன கார் வேண்டாம். கீழே அடுப்பா இருந்த அதே ராத்திரி நாங்க அங்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினோம்.

அக்காவுக்கு ஒரு கேள்வி: ஆமை நடுரோட்டில் இருந்தா என்ன பண்றது? அப்பவும் தொடக் கூடாதா?

*

வண்டி வந்து ஏறிடும்னா மட்டும் தூக்கலாம். வேகமா தூக்காம, தரைக்கு ஒட்டினாப்பல, மட்டமா பிடிச்சு, அது எந்தப் பக்கம் போயிட்டிருந்ததோ அந்தப் பக்கமே ஓரத்தில் விட்டுடணும். "பாவம்"னு எடுத்திட்டுப் போய் வேற இடத்தில் விடவே கூடாது. இன்னொண்ணு, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி டயருக்கு அடியில் குனிஞ்சு பார்த்துடுங்க. வெயிலுக்கு அதுவும் நிழல் தேடி அங்கேதான் வந்து படுக்கும்.