பழைய டைவ் கம்ப்யூட்டரை மாற்றியவர்கள், குறைந்த செலவில் என்ன வாங்கினீர்கள்?

என் மணிக்கட்டில் பல வருடம் இருந்த டைவ் கம்ப்யூட்டரின் திரையில் எண்களின் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. 8 எது, 6 எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீருக்குள் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும் கருவியில் இந்தச் சந்தேகம் வரவே கூடாது. அதனால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கையில் இருந்த சின்ன பட்ஜெட்டுக்குள் வேறொன்றைத் தேடினேன். தேடியதில் தெளிவானதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

விலை குறைந்ததும் சரி, மிக உயர்ந்ததும் சரி, அடிப்படையில் செய்யும் வேலை ஒன்றுதான். ஆழத்தையும் நேரத்தையும் அது அளக்கிறது, என்ன வாயு சுவாசிக்கிறோம் என்பதை நாம் சொல்கிறோம். இந்த மூன்றை வைத்து உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டு, மீதி நிமிடத்தைச் சொல்கிறது. சுவிட்சர்லாந்து மருத்துவர் பியூல்மான் உருவாக்கிய, உடலை 16 திசுப் பிரிவுகளாகப் பார்க்கும் கணக்கு ஒரு காலத்தில் டெக்னிக்கல் டைவர்களின் (சாதாரண டைவிங்கின் எல்லையைத் தாண்டி இறங்குபவர்களின்) கருவிகளோடுதான் அதிகம் பேசப்பட்டது. இப்போது தொடக்கநிலை மாடல்கள் சிலவற்றிலும் அது இருக்கிறது. அப்படியென்றால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? கலர் திரை, டிஜிட்டல் திசைகாட்டி, சிலிண்டர் அழுத்தத்தை வயர்லெஸ்ஸில் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், பல வாயுக்களை மாற்றும் வசதி, இவற்றுக்குத்தான்.

டிரான்ஸ்மிட்டரை நான் முதலிலேயே விட்டுவிட்டேன். சிலிண்டரிலிருந்து சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரில் ஏற்கெனவே நல்ல பிரஷர் கேஜ் இருக்கிறது, அதற்கு பேட்டரியும் வேண்டாம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்களிலும் பலர் கேஜைக் கழற்றுவதில்லை. திசைகாட்டியும் தனியாக இருக்கிறது. நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் அளவு கூட்டிய காற்று, அதற்கான வசதியை மட்டும் விடவே மாட்டேன். 32 சதவீத நைட்ராக்ஸில் ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார் என்ற பாதுகாப்பு வரம்பு ஏறக்குறைய 33 மீட்டரில் வந்துவிடும். அந்த ஆழம் நெருங்கும்போது கருவியே எச்சரிக்க வேண்டும். நல்லவேளையாக இன்று மலிவான மாடல்களிலும் இது உண்டு.

நான் நெடுநேரம் யோசித்தது பேட்டரியைப் பற்றித்தான். சில கருவிகளில் பேட்டரி மாற்ற சர்வீஸுக்கு அனுப்பியே ஆக வேண்டும். வாங்கும்போது மிச்சமான பணம் அங்கே போய்விடும், காத்திருக்கும் காலம் தனி. மலிவான மாடல்களில் கிரெஸி லியனார்டோவுக்கு சிஆர்2430 பட்டன் பேட்டரி, சூண்டோ ஸூப் நோவோவுக்கு சிஆர்2450. இரண்டிலும் நாமே மாற்றலாம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் முடியோ மணலோ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் முந்தைய டைவ்களின் நைட்ரஜன் கணக்கு அழிந்துவிடும். டைவிங் பயணத்தின் நடுவில் மாற்றாதீர்கள்.

கடைசியில் ஒற்றைப் பட்டன், பெரிய எண்கள் உள்ள ஒன்றை வாங்கினேன். மெனுவில் எதையாவது தேடினால் அந்த ஒரே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும், அது தொல்லைதான். ஆனால் தண்ணீருக்குள் பட்டன் தேவையே படுவதில்லை. ஆழம், நேரம், மீதி நிமிடம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிகின்றன.

* * *

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நன்றாகவே ஓடுகிறது, ஆனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விற்பவரிடம் முதலில் பேட்டரி மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பச்சைக் கறை இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம், உப்புத்தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஆழத்தை அளக்கும் உணரியின் துளையில் உப்போ மணலோ அடைத்திருக்கிறதா, கரையில் இருக்கும்போதே ஏதாவது ஆழம் காட்டுகிறதா என்று பார்த்தேன். ஓ-ரிங், பட்டை, பேட்டரி மூடி எல்லாம் இன்னும் கிடைக்கின்றனவா என்பதையும் விசாரித்துவிடுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடல் என்றால் மூடி உடைந்ததும் கருவியே போயிற்று.

வாங்கிய பிறகு, நம்பிக்கையான இன்னொரு கம்ப்யூட்டரோடு ஒரே கையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஆழத்தில் சின்ன வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று நன்னீருக்கும் மற்றொன்று கடல்நீருக்கும் கணக்கிட்டிருந்தால் 2 முதல் 3 சதவீதம் மாறும். 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

* * *

என் முதல் பதிவில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். வாங்குவதற்கு முன் உங்களோடு வழக்கமாக டைவ் செய்பவர் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். நானும் என் டைவ் துணையும் வேறு வேறு கணக்கு முறையில் ஓடும் கருவிகளை வைத்திருந்தோம். முதல் டைவில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்த இடைவேளையில் இரண்டாவது முறை இறங்கியதும் என்னுடையது நேரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது, அவருக்கோ இன்னும் நிறைய மிச்சம். யாருடையது கண்டிப்பானதோ அதன்படிதான் இருவரும் மேலே வர வேண்டும், அதில் பேரம் கிடையாது. ஒரே கணக்கு முறை, ஒரே பாதுகாப்பு அளவு என்று இருந்தால் திட்டமிடுவது எளிது.

செலவை மிச்சம் பிடிக்க இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒருவர் இரண்டு மீட்டர் கீழே இருந்தாலே அவர் உடம்பின் கணக்கு வேறு. பணம் சேரும் வரை வாடகைக்கு எடுங்கள், ஆனால் அந்தப் பயணம் முழுக்க அதே கருவியை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். இடையில் மாற்றினால் முந்தைய டைவ்கள் புதிய கருவிக்குத் தெரியாது.

* * *

பழைய கருவியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதில் உள்ள டைவ் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் ஏராளமான பழைய மாடல்களைப் படிக்கிறது. எனக்குத் திரை போயிருந்தும் பதிவுகள் முழுசாகக் கிடைத்தன. கேபிள்தான் கஷ்டம். அந்த மாடலுக்கு உரிய கேபிள் எளிதில் கிடைக்காது, அதனால் டைவ் கிளப்பில் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.